பெருமைக்கு மட்டும் வேண்டும் மலை

மதுரைக்கு விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் அட்டவணை தயாராக இருக்கும். காலையில் மீனாட்சியம்மன் கோயில். அப்புறம் திருமலை நாயக்கர் மகால். வெயில் ஏறியதும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை, ராத்திரி கறிதோசை. மறுநாள் காலையில், "ஊருக்குள்ள வேற ஒண்ணுமே இல்லையா மாப்ளே?" என்று மைத்துனர் கேட்பார். "இருக்கு அத்தான், மலை ஏறணும்" என்றால், "ஐயோ, முட்டி" என்று உட்கார்ந்துவிடுவார். இதே அத்தான்தான் போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில், கல் தோன்றிய காலத்துக்கு முன்னாலேயே நாம் எழுதப் படித்துக்கொண்டிருந்தோம் என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

முட்டி வலியை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வலிக்கிறது. என் ஆதங்கம் வேறு. நம் ஊரில் மேடைக்கு மேடை, 'ஈராயிரம் ஆண்டு', 'ஈராயிரம் ஆண்டு' என்கிறார்களே, அந்த ஈராயிரம் ஆண்டு ஏதோ பாடப்புத்தகத்துக்குள் இருப்பதாகத்தான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அது மேலூர்ச் சாலையில் போய் இடதுபக்கம் திரும்பினால் இருக்கிறது. மதுரையைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட குன்றுகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி, வரிச்சியூர், அழகர்மலை, யானைமலை, திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக வேறு எந்த ஊரைச் சுற்றியும் கிடையாது. இதில் எத்தனைக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

போகலாம் என்று கிளம்புகிறவன் பாட்டைக் கேளுங்கள்.

மாங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். மீனாட்சிபுரம் என்று சின்ன ஊர். பக்கத்திலேயே ஓவாமலை. பஸ் உண்டா என்றால் உண்டு. எப்போது என்று கேட்டால்தான் சிக்கல். டீக்கடையில் எந்த நேரத்தில் விசாரித்தாலும், "இப்பத்தாண்ணே போச்சு" என்கிறார்கள். அடுத்தது எப்போது என்றால் டீ ஆற்றுகிற கை நிற்காமலே, "வரும்ணே" என்று பதில் வருகிறது. கடைசியில் யாராவது டூவீலரில் ஏற்றிக்கொண்டு போய் மலையடியில் இறக்கிவிடுகிறார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்குவதில்லை. "மேல என்ன சார் இருக்கு, இவ்ளோ தூரம் வர்றீங்க?" என்று மட்டும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

மேலே என்ன இருக்கிறது என்றால், பாறை முன்னால் நீட்டிக்கொண்டு கூரைபோல் நிற்கிற குகைத்தளங்கள். கூரையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் பாறையோடு ஒட்டி உள்ளே வழியாமல் அந்த விளிம்பிலேயே சொட்டி வெளியே விழும். உள்ளே கற்படுக்கைகள். ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம், தலைமாட்டில் லேசாக ஏற்றிவிட்டுத் தலையணை. கையை வைத்துப் பாருங்கள், உச்சிவெயிலிலும் சில்லென்று இருக்கும். உளி பட்ட கரடுமுரடு ஒன்றும் கைக்குத் தட்டுப்படாது. அவ்வளவு வழவழப்பு. காடி ஓரத்தில்தான் எழுத்து.

அதில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்கு இந்தப் பள்ளியை, துறவிகள் தங்குமிடத்தை, செய்து கொடுத்தவர்களின் பெயர். நெடுஞ்செழியனிடம் பணியில் இருந்த கடலன் வழுதி என்கிறது ஒன்று. நெடுஞ்செழியனின் மைத்துனன் என்கிறது இன்னொன்று. (அந்தக் காலத்து மைத்துனருக்கு முட்டி நன்றாக இருந்திருக்கிறது.) வெள்ளறை ஊர் நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், கொடுத்தது என்று மற்றொன்று. அந்த வெள்ளறைதான் பக்கத்தில் இருக்கிற வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1882 இல் ராபர்ட் சுவெல் இந்த எழுத்தைப் பார்த்தார். அது தமிழ்தான் என்று 1924 இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். 1960களில் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். அதுவரை சங்கப் பாட்டில் மட்டும் இருந்த ஒரு பாண்டியப் பெயர், கிறிஸ்துவுக்கு முந்தைய கல்லில் கிடைத்துவிட்டது. வேறொரு நாடாக இருந்தால் இந்த ஒரு பாறைக்கு ரயில் விட்டிருப்பார்கள்.

இங்கே என்ன நடந்திருக்கிறது? படுக்கைக்கு மேலே சிவப்பு எனாமல் பெயின்ட்டில் ஒரு இதயம். அதில் அம்பு. இரண்டு பெயர்கள், ஒரு தேதி. பக்கத்தில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு நண்பர்கள் நாலு பேர். ஒருவன் பெயின்ட் போதாது என்று உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, தன் பெயரின் முதல் எழுத்தையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் முழங்கை ஆழத்துக்கு இல்லாவிட்டாலும் விரல் புதைகிற ஆழத்துக்குச் செதுக்கியிருக்கிறான். அந்தப் பாறையில் இப்படி வெட்ட அரை நாளாவது ஆகியிருக்கும். இவ்வளவு பொறுமை உள்ள பையனை மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் சேர்த்திருந்தால் இந்நேரம் ஸ்தபதியாகியிருப்பான்.

அழகர்மலைக்கு, கிடாரிப்பட்டி வழியாக ஏறிப் போனால் இதைவிடச் சந்தோஷமான விஷயம் இருக்கிறது. அங்கே பள்ளிக்குக் கொடை கொடுத்தவர்களில் ஒருவர் உப்பு வணிகர். ஒருவர் கொழு விற்கிறவர், ஏர் முனைக்கு இரும்பு. ஒருவர் துணி வணிகர். ஒருவர் பாகு, வெல்லம் விற்கிறவர். ஒருவர் மதுரையிலிருந்து போன பொற்கொல்லர். ராஜா பெயர் கிடைத்தால்தான் வரலாறு என்று நினைக்கிறவர்களுக்கு இது ருசிக்காது. எனக்கு ருசிக்கிறது. உப்பு விற்றவன் கல்லில் பெயர் வெட்டிக்கொள்கிற அளவுக்கு ஒரு ஊரில் வியாபாரமும் எழுத்தும் இருந்திருக்கின்றன. கோயில் குழல்விளக்கில் உபயம் எழுதுகிற நம் பழக்கத்துக்கு இவர்கள்தான் முன்னோடிகள் போலிருக்கிறது. நம் வணிகர் சங்கங்கள் ஆண்டு விழா நடத்துகின்றன, மலர் போடுகின்றன, மாலை மரியாதை செய்துகொள்கின்றன. இந்த உப்பு வணிகருக்கு ஒரு பலகை வைத்துத் தரலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, பெயின்ட்காரர்களைத் தடுக்கத்தானே கம்பிக் கதவு போட்டிருக்கிறது என்பீர்கள். கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மலை. எந்த மலை என்று சொல்லவில்லை, சொன்னால் அங்கிருக்கிற பாவப்பட்ட ஊழியருக்குத்தான் வம்பு. மூச்சு வாங்க ஏறிப் போனால் குகை வாசலில் கம்பிக் கதவு, அதில் கைமுட்டி பெரிதுக்குப் பூட்டு. கதவில் எண் கிடையாது, பெயர் கிடையாது. நீலப் பலகையில் பெயின்ட் உரிந்து, 'பாதுகாக்கப்பட்ட' என்பதில் 'பாது' மட்டும் மிச்சம். கீழே இறங்கி விசாரித்து, ஒருவர் இன்னொருவர் எண்ணைக் கொடுத்து, அவர் வேறொருவர் எண்ணைக் கொடுத்து, கடைசியில் ஒருவர் எடுத்தார்.

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும் சார்."

"வாட்ச்மேன் எங்க இருக்கார்?"

"அவரு ஒருத்தரே ரெண்டு மூணு எடம் பாக்குறாரு சார்."

"இன்னிக்கு எந்த எடம்?"

"அதான் சார் தெரியல. நீங்க லெட்டர் குடுத்துட்டு வந்தீங்களா?"

நம் பாட்டன் பூட்டன் பெயர் எழுதியிருக்கிற பாறையைப் பார்க்க லெட்டர். யாருக்கு எழுதுவது என்றும் சொல்லவில்லை. இதில் வேடிக்கை, நான் கதவுக்கு முன்னால் நிற்கும்போது உள்ளே ஆள் அரவம் கேட்டது. வேலி பின்பக்கம் அறுந்து கிடக்கிறது. சீட்டு விளையாடுகிறவர்களும் பாட்டில் உடைக்கிறவர்களும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். அவர்களுக்கு லெட்டர் தேவைப்படவில்லை. முன்வாசலில் வந்தவனுக்குத்தான் பூட்டு.

அந்த வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ரெண்டு மூணு குன்றுக்கு ஒரு ஆளைப் போட்டால் அவர் என்ன செய்வார், பறந்தா போவார்? கையில் ஒரு டார்ச் லைட், அதுவும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. ராத்திரி குடிக்கிற கும்பலை அவர் தனியாகப் போய்த் தட்டிக்கேட்க வேண்டுமாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010 இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் 3 மாதம், 5000 ரூபாய். அபராதத்தை இருபது மடங்கு ஏற்றிய நாடு, பலகைக்கு ஒரு கோட் பெயின்ட் ஏற்றக் கூடாதா? சட்டத்தில் சொல்லியிருக்கிறபடி உள்ளே போன பெயின்ட்காரன் ஒருவனைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

குடிகாரர்களை மட்டும் சொல்லிவிட்டு நம்மைப் போன்ற வரலாற்று ஆர்வலர்களை விட்டுவிடக் கூடாது. ஆர்வலர் கூட்டம் பண்ணுகிற கூத்து தனி. எழுத்து படத்தில் தெளிவாக விழவில்லை என்று சாக்பீஸை எடுத்து எழுத்துக்குள் தேய்க்கிறார் ஒருவர். இன்னொருவர் கரித்துண்டு. மூன்றாமவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறைமேல் ஊற்றிக் கையால் துடைக்கிறார். இதற்கெல்லாம் முறை இருக்கிறது. கல்வெட்டு அறிஞர்கள் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் பொறுமையாகத் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, காய்கிற பதத்தில் மையை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் தாளில் வந்துவிடும். மை தாளோடு நின்றுவிடும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சாக்பீஸ் தேய்த்தவரின் பதிவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி விழுகிறது. கூடவே ட்ரோன். கழுகு முட்டை வைத்திருக்கிற பாறையில் ட்ரோன் விடுகிறார்கள், அதுவும் அரிட்டாபட்டியில்.

இன்னொரு வகை உண்டு, சண்டைக்காரர்கள். மலைமேல் ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள், இது சமணமா சைவமா, எங்கள் ஆட்களுடையதா உங்கள் ஆட்களுடையதா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அரிட்டாபட்டியில் ஒரே மலையின் ஒரு பக்கம் தமிழ்ப் பிராமியும் தீர்த்தங்கரரும் இருக்கிறார்கள், இன்னொரு பக்கம் குடைவரைச் சிவன் கோயில், அதில் லகுலீசர் சிற்பம். யானைமலையில் சமண உருவங்களும் உண்டு, அதே மலையடியில் நரசிங்கம் குடைவரையும் உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770 இல் எடுத்த பெருமாள் கோயில் அது. அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். கல்வெட்டிலேயே இருக்கிறது. மலைக்கு இடப் பிரச்சினை இல்லை, ஏறி வருகிற நமக்குத்தான் பிரச்சினை.

இப்போது என் ஆதங்கத்தின் அடிப்பக்கத்துக்கு வருகிறேன்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகாத மதுரை ஆர்வலர் இருக்க மாட்டார். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். படி ஏறினால் பேச்சிப்பள்ளம், சுனை, பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியாரின் பெயர் அங்கே இருக்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் செட்டிப்புடவு. பெரிய தீர்த்தங்கரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காது நீண்டு, உடம்பு செழிப்பாக இருக்கிறதே என்று ஊரார் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். நம் ஆர்வலர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பாமர ஜனங்க, தீர்த்தங்கரர்னு தெரியாம செட்டியாருங்கிறாங்க."

தெரியாதுதான். ஆனால் அந்தச் செட்டியாரைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிறார்கள். கருப்பசாமி இருக்கிற மலை என்று கல் உடைக்க விடவில்லை. பேச்சி இருக்கிற சுனை என்று அசுத்தம் பண்ணவில்லை. சமணர்கள் இந்தப் பக்கத்தைவிட்டுப் போய் எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டது. இன்றைக்குத் தமிழ்ச் சமணர்களைப் பார்க்க வேண்டுமானால் வந்தவாசி, செஞ்சி, மேல்சித்தாமூர் என்று வடக்கே போக வேண்டும். ஆள் இல்லாத இந்த மலைகளை இத்தனை காலம் காத்தது கருப்பசாமியும் அய்யனாரும் அவர்களைக் கும்பிட்ட ஊராரும்தான். தீர்த்தங்கரர் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவன்தான் சாக்பீஸோடு வருகிறான்.

அந்த ஊராரிடம் நாம் என்ன கேட்டிருக்கிறோம்? "மலைக்கு எப்படிப் போகணும்?" அவ்வளவுதான். அடிவாரத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேலே என்னென்ன இருக்கிறது என்று நான் அளந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரேகைச் சட்டம் தெரியுமா தம்பி?" என்றார்.

படித்திருக்கிறேன், மதுரைக்காரன் தெரியாமல் இருக்க முடியாது. 1911 இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரித்தான். மதுரை வட்டாரத்தில் அது முதலில் வந்து விழுந்த ஊர்களில் ஒன்று இந்தக் கீழக்குயில்குடி, 1914 இல். ஆண்பிள்ளைகளின் கைரேகையைப் பதிந்து வைத்தார்கள். ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பெயர் கொடுத்து, அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சொந்தக்காரன் செத்தாலும் சீட்டு. இதை எதிர்த்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947 இல்தான் சட்டம் ஒழிந்தது.

"எங்கப்பா கல்யாணம் ஆன ராத்திரியும் ஸ்டேசன்லதான் படுத்தாரு தம்பி. காலையில வந்துதான் எங்காத்தா மொகத்தப் பாத்தாரு" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

மலைமேல் துறவிகள் இஷ்டப்பட்டுப் படுத்த இடத்துக்கு, உரிந்துபோனதானாலும், ஒரு பலகை இருக்கிறது. அடிவாரத்து ஜனங்கள் கட்டாயத்தில் படுத்த இடத்துக்கு அதுவும் கிடையாது. நாம் அதைத் தேடுவதும் இல்லை. நூறு வருடத்துப் பழசு நமக்குக் கசக்கிறது, ஈராயிரம் வருடத்துப் பழசு இனிக்கிறது. ஏனென்றால் ஈராயிரம் வருடத்துப் பழசு நம்மிடம் ஒன்றும் கேட்காது. நூறு வருடத்தைக் கேட்டால் திண்ணையில் இருக்கிற ஆள் பதில் சொல்வார், நாம் உட்கார்ந்து கேட்க வேண்டிவரும், யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற பேச்சு வரும். அதற்குக் கற்படுக்கையைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவது சுலபம்.

மலைக்கு ஆபத்து வந்த சமயங்களிலாவது யார் நின்றார்கள் என்று பாருங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டிய கதை ஊரறிந்தது. 2012 இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றார். பிறகு உயர் நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராகப் போட்டு விசாரித்தது. கீழவளவுக்கு இன்று போனாலும் பார்க்கலாம். குன்று இருந்த இடத்தில் செங்குத்தாக அறுத்த சுவரும் பச்சைத் தண்ணீர் நிற்கிற குழியும். அதே ஊரின் பஞ்சபாண்டவர் மலையில்தான் எழுத்துகள் தலைகீழாகத் திரும்பிப் பொறிக்கப்பட்ட விசித்திரமான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, தொண்டியிலிருந்து வந்தவர் கொடுத்த பள்ளி. அது தப்பித்தது நம் புண்ணியம்.

அரிட்டாபட்டி தப்பித்தது புண்ணியத்தால் இல்லை. அந்த ஊர் ஜனங்களால். கிரானைட் வந்தபோதும் அவர்கள்தான் மறித்தார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் அரசு அறிவித்தது. லகர் வல்லூறும் ராஜாளியும் கூடு கட்டுகிற மலை, சுனைகள், கண்மாய்கள் என்று ஆணையில் எல்லாம் வந்தது. இரண்டே வருடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் என்று 2,015 ஹெக்டேரை ஏலம் விட்டு முடித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஏறக்குறைய 5,000 ஏக்கர், அதற்குள் அரிட்டாபட்டியும் இருக்கிறது. பாரம்பரியத் தலம் என்று ஒரு கை எழுதியது இன்னொரு கைக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? ஊர் ஊராக மந்தையில் கூடினார்கள். கடை அடைத்தார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். பெண்கள், கிழவிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா தொலைக்காட்சிக்காரர்களிடம் மலையைக் கைகாட்டி, அங்கே எழுத்து இருக்கிறது, சாமி இருக்கிறது, எங்கள் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றையும் அவர் பிரித்துச் சொல்லவில்லை. என் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த மாதம் முழுக்க ஒருவரும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அத்தான் மாட்டுப்பொங்கல் வாழ்த்து அனுப்பினார்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2010 இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது ஒத்தக்கடை ஜனங்கள் கொதித்தார்கள், திட்டம் நின்றது. அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடையைத் தொடங்கினார். மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்களைக் குடும்பத்தோடு இந்த மலைகளுக்குக் கூட்டிப் போனார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறைமேல் நின்று, சிறுபிள்ளைக்கும் புரிகிற மாதிரி கல்வெட்டை வாசித்துச் சொன்னார். இன்னொரு தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் இந்த மலைகளைப் பற்றி 'எண்பெருங்குன்றம்' என்று புத்தகமே எழுதி வைத்திருக்கிறார். கீழடிக்கு 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் வந்துவிட்டது, பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் போகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற நாலைந்து பெரியவர்களும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்த சில நூறு பேரும் செய்த வேலையில் பத்தில் ஒரு பங்கை, அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் செய்திருந்தால் நான் இவ்வளவு புலம்ப வேண்டியதில்லை. கீழடியில் மண்ணுக்கடியில் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. இது தோண்டவே வேண்டாம், மேலேயே கிடக்கிறது. கண் முன்னால் கிடக்கிறது என்பதால்தான் இந்த அலட்சியம் என்று சில சமயம் தோன்றுகிறது.

ஆகையால் ஐயா, அம்மா, உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு குன்று இருக்கும், ஒரு நடுகல் இருக்கும், பாழடைந்த ஒரு சத்திரம் இருக்கும். போங்கள். போகும்போது சாக்பீஸ், பெயின்ட், ட்ரோன் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இறங்கி வந்ததும் வண்டியில் ஏறிவிடாமல் டீக்கடையில் உட்கார்ந்து, இருக்கிற பெரியவருக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இங்க எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். மலையைப் பற்றிக் கேட்காதீர்கள், ஊரைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களைக் கேட்க விடுங்கள். அந்தப் பெரியவர்கள் இன்னும் எத்தனை நாள் திண்ணையில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ரயில் வேண்டாம், ஒலி ஒளிக் காட்சி வேண்டாம். அந்தந்த ஊரிலேயே ஒரு ஆளை, ஆட்டோடு மலையில் ஏறி இறங்குகிற ஒரு பையனையோ பெண்ணையோ காவலுக்குப் போடுங்கள். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மாதம் பிறந்தால் ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். அப்புறம் அந்தக் கம்பிக் கதவில் ஒரு தகரத்தை மாட்டி, சாவி யாரிடம் இருக்கிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.